பத்து லிட்டர் கடல்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "நாட்டு முன்னேற்றத்தில் பாலிடெக்னிக் மாணவர் பங்கு", "காலம் பொன் போன்றது" என்று நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பு எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது மட்டி. கடலில் கிடைக்கிற, குழம்பு வைக்கிற, அதே மட்டிதான். சிரிக்காதீர்கள். முழுதும் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

சென்ற கோடையில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மேசை மேல் ஒரு குட்டிக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், மணலில் பாதி புதைந்த இரண்டு மட்டி. பார்க்க அவ்வளவு அழகு! நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது. உதவித்தொகைப் பணத்தில் ஒரு அடி நீளம், எட்டு அங்குல அகலத்தில் ஒரு தொட்டி வாங்கினேன். கடைக்காரர் கொடுத்த குட்டிக் காற்று மோட்டாரையும் மாட்டினேன். பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்று படித்திருந்ததால், கடையில் கல் உப்பு வாங்கி 350 கிராம் எடைபோட்டுக் கரைத்தேன். கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று நினைப்பு!

மட்டி எங்கே கிடைத்தது? சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டில், எங்கம்மாவின் கூடையில். ஆம் நண்பர்களே, எங்கம்மா மீன் விற்பவர். முதலாண்டு சேர்ந்தபோது விண்ணப்பத்தில் "வியாபாரம்" என்று எழுதினேன். என்ன வியாபாரம் என்று கேட்டவர்களிடம் பேச்சை மாற்றிவிடுவேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு இந்தக் கூச்சமும் சேர்ந்தே வந்தது.

அம்மா ஐந்து மட்டியைக் கொடுத்துவிட்டு, "தின்ற பொருளைக் கண்ணாடியில வெச்சு வேடிக்கை பாக்கப் போறியா? அத தண்ணியில ஊற வெக்காதடா, ஈரத் துணியில சுத்தி வெச்சாதான் நாளைக்கும் உசுரோட இருக்கும்" என்றார். கடல் பிராணியைத் தண்ணீரில் வைக்காதே என்கிறாரே, என்ன அறியாமை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தது. மட்டிகள் மணலுக்குள் போய், குழாய் போன்ற வாயை மட்டும் வெளியே நீட்டின. மூன்றாம் நாள் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றினேன். நான்காம் நாள் மாலை ஒரு நாற்றம். ஐந்தாம் நாள் காலை ஐந்தும் வாய் பிளந்து கிடந்தன.

ஏன் செத்தன? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கல்லூரி நூலகத்தில் தேடினேன், கெமிஸ்ட்ரி ஆய்வகத்தில் விசாரித்தேன், கடைசியில் அம்மாவிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, உப்பு. உப்பளத்தில் கடல் நீரைக் காய்ச்சும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே படிந்துவிடும். மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியேறிவிடும். நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. அதைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் நீர் கிடைக்காது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஓடு கட்டி வாழும் பிராணிக்கு அது இல்லாமல் எப்படி? கிளிஞ்சலைச் சுட்டுத்தானே நம் முன்னோர் சுண்ணாம்பு எடுத்து சென்னையில் சுவர் பூசினார்கள்! சிவில் படிக்கும் எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆவியாதல். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. பத்து லிட்டரில் இரண்டு லிட்டர் போனால் 350 கிராம் உப்பும் எட்டு லிட்டரில் நிற்கும். லிட்டருக்கு 35 இருந்தது 44 ஆகிவிடும். அந்தக் குறைவை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். நான் உப்புத் தண்ணீரை ஊற்றினேன். ஆயிரம் லிட்டர் தொட்டியில் இரண்டு லிட்டர் குறைந்தால் ஒன்றும் ஆகாது. பத்து லிட்டரில் அது ஒரு பேரழிவு.

மூன்றாவது, கழிவு. பிராணிகளின் கழிவில் அம்மோனியா உண்டாகும், அது விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. மட்டி மணலுக்குள் புதைந்திருப்பதால் செத்ததும் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று செத்து அழுகினால் போதும், சின்னத் தொட்டியில் மற்றதும் அதனாலேயே சாகும்.

நான்காவது, பசி. மட்டி தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி உயிரிகளை வடிகட்டித் தின்கிறது. பத்து லிட்டரை ஐந்து மட்டி சில மணி நேரத்தில் வடித்துவிடும். பிறகு தின்ன என்ன இருக்கிறது? தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். அந்தத் தெளிவுதான் அவற்றின் பட்டினி! உப்பும் அம்மோனியாவும் கொல்லாமல் விட்டிருந்தாலும் சில வாரங்களில் பசி கொன்றிருக்கும்.

அம்மா சொன்ன ஈரத் துணி? அதுவும் சரிதான். மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஈரத்தில், மிகக் குறைந்த மூச்சில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். தேங்கிய தண்ணீரில் போட்டால் ஓட்டைத் திறந்து அதே தண்ணீரைச் சுவாசித்து மூச்சுமுட்டிச் சாகும். இரண்டு மட்டியை ஒன்றோடொன்று தட்டி, கல் போல் "டக்" என்று கேட்டால் உயிர், பொத்தென்று கேட்டால் சேறு என்று அம்மா பிரித்து எறிவார். அறியாமை யாருடையது நண்பர்களே?

ஆகவே என் கருத்து இதுதான். சின்னத் தொட்டியில் மட்டி வளர்க்க வேண்டாம். "சின்னதுதானே, சுலபம்" என்று நினைக்கிறோம். உண்மை தலைகீழ். தண்ணீர் குறையக் குறைய நம் தவறுக்கு மன்னிப்பும் குறைகிறது. "ஒரே அறை வீடு, பெரிய தொட்டிக்கு எங்கே போவது? தினமும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். எங்கள் வீடும் ஒரே அறைதான். அக்கறை எனக்கும் இருந்தது. ஆனால் மே மாத வெயிலும் மின்வெட்டும் நம் அக்கறையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. செலவு செய்யாமல் பார்க்க விரும்பினால் நன்னீர்த் தொட்டி வையுங்கள். நாலு கப்பி மீன் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. வீடியோக்களில் நீலமும் பச்சையுமாக மின்னும் ராட்சத மட்டிகளைக் காட்டுவார்கள். நம் நாட்டில் லட்சத்தீவு, அந்தமான் கடலில் அவை உண்டு. 2001-ல் அவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

அப்படியானால் ஆசையே படக்கூடாதா? படலாம், கூடிப் படலாம். இந்தியாவின் முதல் கடல் மீன் காட்சியகம் 1909-ல் நம் மெரினாவில்தான் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. நம் கல்லூரியில் மாணவர் பேரவை சார்பில் 200 லிட்டரில் ஒரே ஒரு தொட்டி வைத்தால் என்ன? அந்தத் தண்ணீர் மட்டுமே 205 கிலோ எடை, தாங்கும் மேடையை சிவில் பிரிவு கட்டட்டும். பம்ப்பை மெக்கானிக்கல் பார்க்கட்டும். மின்வெட்டுக்கு மாற்று வழியை எலக்ட்ரிகல் செய்யட்டும். அம்மோனியாவை வாரம் தோறும் முதலாண்டு மாணவர்கள் சோதிக்கட்டும். ஆறு வாரம் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, கடைசியாக மட்டி விடுவோம். எது உயிர், எது சேறு என்று தட்டிப் பார்த்துக் கொடுக்க எங்கம்மாவை நான் அழைத்து வருகிறேன்.

இன்னும் ஒன்று. நம் பேட்டையை ஒட்டி ஒரு பெரிய தொட்டி ஓடுகிறது, அடையாறு. பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது முகத்துவாரத்தில் காலால் துழாவி மட்டி பொறுக்குவாராம். சென்னையின் உவர்நீர்ப் பிராணிகளைப் பற்றி என்.கே. பணிக்கரும் ஆர்.கோபால ஐயரும் 1937-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இன்று மறைமலை அடிகள் பாலத்தில் பஸ் போகும்போது மூக்கைப் பொத்துகிறோம். சாக்கடை வந்து சேர்கிறது, முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்தால் கடல் நீர் உள்ளே வருவதில்லை. கழிவு வரும், புதுத் தண்ணீர் வராது. என் தொட்டியில் நடந்ததும் இதேதானே? 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதே ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. அன்றைக்கு எல்லோரும் ஆற்றைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் வடிந்ததும் பேச்சும் வடிந்துவிட்டது.

என் தொட்டி இப்போது காலியாகப் பரண் மேல் இருக்கிறது. ஐந்து ஓடுகளைக் கழுவிப் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் "மீன் வியாபாரம்" என்று முழுதாக எழுதினேன்.

தெரிந்தவரிடம் கேட்போம்! தெரிந்துகொண்டு செய்வோம்!

— இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு