ராயபுரத்துக் கொடிமரமும் எட்டு மாத விருந்தாளியும்

வடசென்னைப் பக்கம் மாதா கோயில் திருவிழாவுக்கு முதல்முறை வருகிறவர்கள், அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்து நாலு நாள் தங்குகிறவர்கள், பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். "அட, அப்படியே இந்துக் கோயில் மாதிரியே இருக்கே!" கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், மல்லிகைச் சரம் சுற்றிய சுரூபம், சீரியல் பல்பு போட்ட தேர், பேண்டு வாத்தியம், நேர்ந்துகொண்டு போடும் மொட்டை... இதையெல்லாம் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. தப்பு அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கிறது: "அப்போ இது ஒரிஜினல் கத்தோலிக்கம் இல்லையே?"

இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு முந்நூறு வயசு ஆகிறது. அதன் கதையைச் சொல்லுமுன் ராயபுரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது.

ராயப்பர் என்றால் புனித பேதுரு. பழைய தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பேதுரு ராயப்பர், பவுல் சின்னப்பர். ராயபுரம் என்ற பெயரே அந்த ராயப்பரிடமிருந்து வந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அங்கே இருக்கும் பேதுரு கோயிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவர்கள் படகோட்டிகள். அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைக்கு வர மசூலாப் படகு ஒன்றுதான் வழி. அந்தப் படகில் ஆணி இருக்காது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு இந்த அலையில் உடைந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கடைசி சில அடிகளைப் படகோட்டியின் தோளில் ஏறித்தான் கடக்க வேண்டும், வருகிறவர் கவர்னராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி. 1861-ல் இரும்புப் பாலம் வந்தது, 1875-ல் துறைமுக வேலை தொடங்கியது, அதன்பிறகு அந்தப் படகுகளுக்கு மெல்ல மெல்ல வேலை இல்லாமல் போனது. படகு போய்விட்டது, கோயில் நிற்கிறது. "ஒரிஜினல்" எது என்று கேட்கிறவர்கள், அந்த மதத்தைக் கொண்டுவந்தவர்களைக் கரை சேர்த்த தோள்கள் யாருடையவை என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

சரி, அந்த முந்நூறு வருடக் கதைக்கு வருவோம். அது நடந்தது ராயபுரத்திலிருந்து சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர் தெற்கே, பாண்டிச்சேரியில். 1703 நவம்பரில் சார்லஸ் தாமஸ் மயார் தெ தூர்னோன் என்பவர் அங்கே வந்து இறங்கினார். வயது முப்பத்துநான்கு. போப்பின் நேரடித் தூதர், சீனாவுக்குப் போகிற வழி. தமிழ்நாட்டில் சேசு சபைக் குருக்கள் உள்ளூர் வழக்கங்களுக்கு ரொம்பவும் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கப்புச்சின் சபையினர் புகார் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தூர்னோன் விசாரித்தார். ஆனால் உடம்பு சரியில்லை. உள்நாட்டு ஊர்களுக்குப் போய்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்க்க அவரால் முடியவில்லை. இரண்டு மூன்று குருக்களை அழைத்துக் கேட்டுக்கொண்டார். 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை எழுதினார். ஜூலையில் கப்பல் ஏறிப் போய்விட்டார். மொத்தம் எட்டு மாதம். அதில் பெரும்பகுதி நோயாளியாக!

ஆணையில் என்ன இருந்தது? பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது. மஞ்சள் தோய்த்த நூற்றெட்டு இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. திருஷ்டி சுற்றக் கூடாது. பெண் பெரியவளானால் சடங்கு கூடாது. நெற்றியில் சாம்பல் பூசக் கூடாது. இதற்கென்று நேரம் வைத்துச் செய்கிற சடங்குக் குளியல்கூடக் கூடாது. இந்த வெயிலில் குளிப்பதையே சந்தேகப்பட்டால் என்னதான் செய்வது!

பிள்ளையார் உருவம் வேண்டாம் என்பது புரிகிறது. ஒரு மதம் தன் எல்லையைச் சொல்லிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் மஞ்சளும் தேங்காயும் யாருடைய மதம்? சாம்பலில் ஒரு வேடிக்கை வேறு இருக்கிறது. தவக்காலத்தின் முதல் புதன்கிழமை கத்தோலிக்கத் திருச்சபையே பல நாடுகளில் நெற்றியில் சாம்பல் பூசுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அந்த நாளுக்கு வைத்த பெயர் விபூதிப் புதன்.

தவக்காலத்திலேயே இன்னொன்றையும் பார்க்கலாம். திருச்சபையின் சட்டம் இறைச்சியைத்தான் விலக்குகிறது, மீனுக்குத் தடையில்லை. ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் என்பது பழகிப்போன விஷயம். தமிழ் வீட்டிலோ மீனும் கவிச்சிதான். அதனால் நாற்பது நாளும் மீனையும் சேர்த்து விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் கண்ணெதிரே இருக்கும்போது இது சின்ன விரதம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் இதைப் பார்த்து "சட்டத்தில் இல்லையே" என்றால், அந்தச் சட்டத்தைவிடக் கடுமையான ஒன்றை இந்தச் சமையலறை தானாகவே போட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் பதில்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? ரோமில், பேதுரு பேராலயத்துக்குள்ளேயே, பேதுருவின் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. யாத்திரிகர்கள் தொட்டும் முத்தமிட்டும் அதன் கால் விரல்கள் தேய்ந்தே போய்விட்டன. ஜூன் 29, பேதுரு - பவுல் பெருவிழா அன்று அந்தச் சிலைக்குச் சிவப்புப் பட்டாடை உடுத்தி, தலையில் மகுடம் வைக்கிறார்கள். நம்மூரில் இதற்குப் பெயர் அலங்காரம்! அமெரிக்காவின் க்ளூஸ்டர் நகரத்தில், சிசிலியிலிருந்து குடியேறிய மீனவர்களின் வழியில் வந்தவர்கள், அதே ஜூன் கடைசியில் பேதுரு சுரூபத்தைத் தோளில் தூக்கி ஊர்வலம் போகிறார்கள். படகுகளை மந்திரிக்கிறார்கள். கடலுக்கு மேலே நீட்டிய மரத்தில் கொழுப்பைத் தடவி, அதில் நடந்து போய் முனையில் இருக்கும் கொடியை எடுக்கப் போட்டி போடுகிறார்கள். ஏறக்குறைய நம்ம வழுக்கு மரமேதான், என்ன, அங்கே படுத்திருக்கிறது. வளைகுடா நாடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அங்குள்ள கோயில்களில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குத்தான் கூட்டம் அலைமோதும். வேலைக்குப் போன ராயபுரத்துப் பையன் யாரும் அதைப் பார்த்து "இது போலி" என்று ஊருக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டான். அவனும் வரிசையில் நின்றிருப்பான்.

கொடியும் தேரும் ஒரு மதத்தின் சொத்து இல்லை, இந்த மண்ணில் திருவிழா பேசும் மொழி அதுதான். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மாசி பிரம்மோற்சவத்துக்குக் கொடி ஏறுகிறது. நாகூர் தர்காவில் கந்தூரிக்குக் கொடி ஏறுகிறது. ராயப்பர் மட்டும் ஏன் ஊமையாக இருக்க வேண்டும்? ரோமும் இதை ஒப்புக்கொள்ள நாள் எடுத்துக்கொண்டது. தூர்னோனின் தடைகளை 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் உறுதிசெய்தார். இங்கே வருகிற குருக்கள் அவற்றுக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது, அது 1940-ல்தான் நீங்கியது. 1969-ல் ஆரத்தி உள்ளிட்ட பன்னிரண்டு இந்திய முறைகளை வழிபாட்டில் சேர்த்துக்கொள்ள அதே ரோம் அனுமதி கொடுத்தது.

இதோடு நிறுத்தினால் தூர்னோன் வெறும் வில்லன் ஆகிவிடுவார். அது நியாயம் இல்லை. அவருடைய ஆணையில் அதிகம் பேசப்படாத வரிகளும் உண்டு. சிறு குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்யக் கூடாது என்றது. மாதவிலக்கு நாட்களில் பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்றது. சாகக் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள் குருவானவர் கட்டாயம் போய்க் கடைசி அருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும் என்றது. போகாமல் இருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணமும் "இந்த ஊர் வழக்கம்" என்பதுதான். உள்ளே போனால் மேல்சாதியார் குருவிடம் வரமாட்டார்கள் என்றார்கள். படுக்கையிலிருந்தே பார்த்த அந்த வெளியூர்க்காரருக்கு மஞ்சள் கயிறு என்னவென்று விளங்கவில்லை, இது மட்டும் சரியாகத் தெரிந்தது. பக்கத்திலேயே வருடக்கணக்காக வாழ்ந்தவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

அதனால்தான் "எல்லாம் எங்கள் பாரம்பரியம், வெளியாள் பேசாதே" என்று கொதிக்கிறவர்களோடும் சேர்ந்துகொள்ள முடியவில்லை. கொடிமரத்தையும் தேரையும் காப்பாற்றச் சொல்கிற அதே வாதம், சாதிக்கொரு கல்லறையையும் காப்பாற்றிவிடுகிறது. எதை யாருக்கு மறுக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மல்லிகைச் சரம் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. தேரை இழுக்கும் கயிற்றை இன்னார்தான் தொடலாம் என்று ஒருவர் சொல்லும் நிமிடத்தில்தான் அது வேறு பொருளாகிறது.

1744-ல் ரோம் அந்தக் கடைசி வரிக்குக் கண்ட வழி என்ன தெரியுமா? குருக்களையே இரண்டாகப் பிரித்தார்கள். மேல்சாதியாருக்குத் தனி, பறையர்களுக்குத் தனி. மஞ்சளிலும் சாம்பலிலும் இம்மி விட்டுக்கொடுக்காத ஆணை, சாதிக்கு வந்ததும் வளைந்துகொடுத்தது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையின் நடுவே பிணங்களைச் சாதி பிரிக்கச் சுவர் எழுந்தது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த வன்னியர்களுக்கும் தலித்துகளுக்கும் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரு தரப்பாரும் கத்தோலிக்கர்கள்.