மெய் உரைக்கும் மெய்

நம் தமிழில் உடம்பிற்கும் உண்மைக்கும் 'மெய்' என்னும் ஒரு சொல்லே வழங்குகின்றது. இதனைக் கொண்டு புலவர் பலவாறு பொருள் விரிப்பர். யாம் ஈண்டு அச்சொல்லை மருத்துவத் துறையில் வைத்து நோக்கக் கருதினோம். உடம்பிற்குப் போர்வையாய் அமைந்த தோல், உள்ளே நிகழ்வனவற்றுட் பலவற்றை ஒளியாது வெளியே உரைக்கின்றது. நாமோ அவ்வுரையைக் கேளாது, அதனைத் தேய்த்துப் போக்கவும் பூசி மறைக்கவுமே முந்துகின்றோம். இவ்வழக்கம் நம்மிடை ஒழிதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

சங்கரன்கோவிலை அறியாதார் தென்பாண்டி நாட்டில் இலர். முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்துள்ள அவ்வூரில், ஆடித்தபசு விழாவிற்குத் திரளும் மக்களுட் பலர் தோல்நோய் நீங்க வேண்டி வருபவராவர். அக்கோயிற் புற்றுமண்ணை நெற்றியில் இட்டும் உடம்பிற் பூசியும் வேண்டுதல் செய்வது நெடுநாளைய வழக்கம். அவர்தம் நம்பிக்கையை ஆராய்வது எம் நோக்கமன்று. ஆயின் அங்கே நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. வீட்டிலே முந்தானையாலும் முழுக்கைச் சட்டையாலும் மறைத்து வைத்த தழும்பையும் படையையும் அங்கு மக்கள் நாணாது வெளிப்படுத்துகின்றனர். தோலில் தோன்றுவதைக் கழுவினால் நீங்கும் அழுக்கென்று அவர்கள் எண்ணவில்லை. உயிர்வாழ்வைப் பற்றிய ஒரு செய்தியாகவே மதிக்கின்றனர். அம்மதிப்பு நன்று. அச்செய்தி யாது என்று அறிந்தாரிடம் கேட்கும் அடுத்த படியையும் அவர்கள் ஏறுவராயின் இன்னும் நன்று.

ஒரு சான்று கூறுவோம். நம் மாணாக்கருட் சிலர்க்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்து, மென்பட்டைத் தொட்டாற்போல் இருக்கும். வீட்டிலே தாய்மார் அதனை அழுக்கென்று கருதிப் பயற்றமாவும் பீர்க்கங்கூடும் கொண்டு தோல் சிவக்கத் தேய்ப்பர். விடுதியிலே தோழர் அதனைச் சுட்டி நகையாடுவர். அவ்விளைஞனோ சட்டைக் கழுத்துப்பட்டையை உயர்த்திவிட்டுக் கொண்டு வெயிலிலும் புழுங்குவான். உண்மை யாதெனின், அது அழுக்கன்று. உடம்பிலே இன்சுலின் என்னும் சுரப்பு தன் வேலையைச் செவ்வனே செய்ய இயலாது, அளவிற்கு மிஞ்சிச் சுரக்கும்போது, தோலின் உயிரணுக்கள் தூண்டப்பெற்றுப் பெருகுவதால் உண்டாகும் கருமை அது. பெரும்பாலும் உடற்பருமனோடு கூடி வருவது. நீரிழிவு வருமுன்னரே வந்து எச்சரிப்பது. எடையைக் குறைத்து, உணவைத் திருத்தி, நாடோறும் நடந்தால் அக்கருமை மெல்ல மங்குவதும் உண்டு. முதியோர் ஒருவர்க்கு அது திடீரெனத் தோன்றி விரைந்து பரவுமாயின், வயிற்றினுள் புற்றுநோய் உளதோ என்றும் மருத்துவர் ஆராய்வர். ஆகவே பீர்க்கங்கூட்டிற்கு இங்கு வேலையில்லை. இரத்தத்திற் சர்க்கரையின் அளவைப் பார்த்தலே செய்யத்தக்கது.

தோலின் உரையைக் கூர்ந்து கேட்டதால் அறிவு வளர்ந்தமைக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1963 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த பேக்கர் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் கை கால்களில், சிறப்பாக விரற்கணுக்களின் மேல், தோன்றும் கருமை பி12 என்னும் உயிர்ச்சத்தின் குறைவால் வருவதாகும் என எழுதி வெளியிட்டனர். அச்சத்தினை ஊட்டியவுடன் கருமை படிப்படியே நீங்கிற்று. அவ்வுயிர்ச்சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் முதலியவற்றிலன்றித் தாவர உணவிற் கிட்டுவதரிது. அது குன்றினால் இரத்தம் கெடும், நரம்பு தளரும், நினைவும் மங்கும். விரற்கணுவில் உள்ள கருமையை வெயிலின் கொடுமை என்று தள்ளிவிட்டவன் தன் நரம்பின் கேட்டினைக் காலங்கடந்தே அறிவான்.

மற்றொன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. மருத்துவ நூல்கள் பலவும் வெண்ணிற மேனியரை நோக்கி எழுதப்பட்டவை. அவற்றில் 'சிவந்து தோன்றும்' எனக் கூறப்படுவது நம் மாநிற மேனியிலும் கருமேனியிலும் ஊதாவாகவோ பழுப்பாகவோ மிகு கருமையாகவோ தோன்றக்கூடும். ஆதலின் நாம் நம்மைப் பார்க்கும் இடமும் வேறாதல் வேண்டும். இரத்தக் குறைவினை முகத்திற் காண்பது நமக்கு எளிதன்று. கீழிமையின் உட்புறத்திலும் நாவிலும் உள்ளங்கையிலும் நகத்திலும் நோக்கின் வெளிறல் புலப்படும். மஞ்சட்காமாலையைக் கண்ணின் வெள்விழியிற் காணலாம். தடிப்போ புண்ணோ ஒன்றும் இன்றி உடம்பெங்கும் நாட்கணக்கில் அரிக்குமாயின், கல்லீரலோ சிறுநீரகமோ நலங்கெட்டமையையும் அவ்வரிப்பு குறிக்கக்கூடும். தோல் வறண்டு குளிர்ந்து, மயிரும் உதிர்ந்து, சோர்வும் மிகுந்தால் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை ஆராய்வர்.

இனி, யாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது தொழுநோயைப் பற்றியதாகும். அரிப்பதும் எரிவதும் நம்மை மருத்துவரிடம் தாமே இழுத்துச் செல்லும். அரியாததும் நோவாததுமான படையையே நாம் பொருட்படுத்துவதில்லை. மேனியின் நிறத்தினும் சற்று வெளிறி, இறகாலோ பஞ்சாலோ வருடினும் உணர்வின்றி இருக்கும் படை தொழுநோயின் தொடக்கமாகலாம். 1873 ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹான்சன் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அது பரம்பரையாய் வருவதன்று. முற்பிறப்பின் தீவினையும் அன்று. விரல் குறைவதும் காற்புண் ஆறாமையும் நோயின் நேரான விளைவல்ல என்பதையும், உணர்விழந்த கையையும் காலையும் சூடும் கல்லும் முள்ளும் வருத்த அறியாது விடுவதாலேயே அவை மிகுதியும் நிகழ்கின்றன என்பதையும், வேலூரில் 1946 முதல் தொண்டாற்றிய பால் பிராண்டு எடுத்துக் காட்டினார். நோவென்பது கொடையென்பதை அவரினும் நன்கு உணர்ந்தார் சிலரே.

1981 ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால் ஆறு திங்களிலோ ஓர் ஆண்டிலோ இந்நோய் முற்றும் தீர்கின்றது. அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது. நாடளாவிய நோக்கில், பதினாயிரவரில் ஒருவர்க்கும் குறைவாக நோய் சுருங்கியது என இந்தியா 2005 ஆம் ஆண்டின் இறுதியில் எய்திய நிலையைக் கேட்டு, நோயே ஒழிந்தது எனச் சிலர் மயங்கினர். அஃது உண்மையன்று, இன்றும் ஆண்டுதோறும் நூறாயிரம் அளவிற் புதியோர் இந்நாட்டில் நோயுற்றவராகக் கண்டறியப்படுகின்றனர். அம்மருந்துகளுள் ஒன்றாகிய குளோபசிமின் சிறிது காலம் மேனியைக் கறுக்கச் செய்யும். அக்கருமைக்கு நாணி மருந்தை நிறுத்துவோரும் உளர். நிறத்தின்மேல் நமக்குள்ள மயக்கம் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அம்மயக்கமே வேறொரு தீங்கிற்கும் வாயிலாயிற்று. மேனியை வெளுப்பிப்பதாகக் கூறி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்துள்ளது. அது தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்து மலப்புரம் மாவட்டத்து மருத்துவர்கள் 2023 ஆம் ஆண்டில் அத்தகைய களிம்புகளைப் பூசியோரிடம் சிறுநீரகநோய் கண்டமையைத் தெரிவித்தனர். மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசும் ஸ்டிராய்டுக் களிம்புகளோ, படர்தாமரையின் தடிப்பையும் அரிப்பையும் அடக்கிவிட்டு நோயை உள்ளே பரவ விடுகின்றன. தூதனைக் கொன்றால் போர் நின்றுவிடும் என்று எண்ணிய அரசனின் செயலை ஒத்தது இது.

இங்ஙனம் கூறுவதால், ஒவ்வொரு மறுவிற்கும் அஞ்சி நடுங்குமாறு நாம் மாணாக்கரைத் தூண்டுகின்றோம் எனச் சிலர் குறை கூறலாம். அக்குறையில் ஓரளவு உண்மையுண்டு. அச்சமும் ஒரு நோயே. தோலிற் காண்பனவற்றுட் பெரும்பாலன தீங்கற்றவை. தேமல் எளிய பூஞ்சையால் வருவது. எளிய மருந்தால் தீர்வது. வெண்புள்ளி ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதில்லை. அதனையுடையார் அருகில் அமர்ந்து உண்பதற்கு அஞ்சுவது அறியாமையும் கொடுமையுமாம். ஆதலின் மூன்று வினாக்களே போதும் என்போம். இப்படையில் உணர்வு உளதோ? இது சில வாரங்களில் பெருகியும் நிறம் மாறியும் வருகின்றதோ? இதனோடு எடை குறைதல், சோர்வு, காய்ச்சல் போல்வன உளவோ? உணர்வின்மையோ, விரைந்த மாற்றமோ, உடற்குறையோ ஒன்றேனும் தோன்றின் மருத்துவரை நாடுக. இல்லையேல் சில வாரம் பொறுத்துப் பார்த்தல் தகும்.

நம் கல்லூரியும் இவ்வகையிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டின் தொடக்கத்தில் உயரமும் எடையும் அளப்பதோடு நில்லாது, பகலொளியில் மாணாக்கரின் தோலையும் கண்ணிமையையும் நகத்தையும் மருத்துவர் நோக்குதல் வேண்டும். அதுவும் தனியறையில், நாணம் நேராவண்ணம். சங்கரன்கோவில் முதலிய ஊர்களினின்றும் வந்து பயிலும் மாணாக்கர் விடுமுறைக்குச் செல்லும்போது, புற்றுமண் பூசும் பாட்டியிடம் சண்டையிட வேண்டா. "பாட்டி, மண்ணும் பூசுங்கள், என்னோடு ஆஸ்பத்திரிக்கும் ஒருமுறை வாருங்கள்" என்று கையைப் பற்றி அழைத்துச் செல்வாராயின், அவர் கற்ற கல்வி பயன்பட்டதாகும்.

விடுதி நண்பர்க்கும் ஒரு சொல். தோழனின் கழுத்துக் கருமையைக் கண்டு இனி நகையாடாதீர். அவனைத் தனியே அழைத்து, அதன் பொருளை மெல்ல எடுத்துரைத்து, மருத்துவரிடம் உடன்செல்க. நகைப்பிற்கு அஞ்சி அவன் உயர்த்திய கழுத்துப்பட்டையை உம் அன்பிற்கு இணங்கி அவனே தாழ்த்துவான்.