3,000 கோடி மிச்சம் என்னும் கணக்கு

அமரவிளைச் சோதனைச் சாவடியிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளையை அடையும் சிறு தொலைவுக்குள் இரண்டு அரசுகளின் கணினிக் கொள்கைகள் சந்திக்கின்றன. கேரளப் பள்ளிகளில் இயங்குவது, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் நிறுவனம் அமைத்த குனு லினக்ஸ். எல்லைக்கு அப்பால், 2011இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருசேரக் குடியிருந்தன.

கேரளத்தின் சேமிப்புக்குச் சான்றாக 2019இல் வெளியான கணக்கே இன்றும் எடுத்தாளப்படுகிறது. கணினி ஒன்றுக்கு உரிமக் கட்டணம் 1.5 லட்சம் ரூபாய். கணினிகள் 2 லட்சம். ஆகவே மிச்சம் 3,000 கோடி. பெருக்கல் சரியே. பெருக்கப்பட்ட எண்தான் ஐயத்துக்குரியது. அது இயங்குதளத்தின் விலை மட்டுமன்று. அலுவலகச் செயலி, தரவுத்தளம், வரைகலை, அசைவூட்டம் என உடன்வரும் அனைத்துக்கும் ஈடான வணிக மென்பொருள்களின் விலை. அத்தனையையும் பட்டியல் விலைக்கு எந்த அரசும் வாங்கப்போவதில்லை. கல்விக்கான தள்ளுபடி விலையிலிருந்தே பேரம் தொடங்கும்.

இதனால் கேரளத்தின் முடிவு பிழையாகிவிடாது. சரியான முடிவுக்குத் தவறான கணக்கு காட்டப்படுகிறது என்பதே குறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த பதிப்போ டிபிஎம் 2.0 சில்லைக் கேட்கிறது. நன்றாக ஓடும் கணினிகள்கூட இதனால் கழிவாகின்றன. இச்செலவு உரிமக் கட்டணத்தில் தெரிவதில்லை. லினக்ஸ் பதிப்புகளுக்கும் ஆயுள் உண்டுதான். ஆனால் அங்கே புதுப்பிப்பின் விலை பெரும்பாலும் புதிய இயந்திரமன்று, ஆசிரியரின் உழைப்பு. அவ்வுழைப்பு ஊதியக் கணக்கில் கரைந்துபோவதால் ‘இலவசம்’ என்ற சொல் எளிதில் நிலைபெற்றுவிடுகிறது.

பாறசாலை வட்டாரத்தில் தமிழ்வழியில் பயில்வோர் சிறுபான்மையினர். அவர்களது பாடத்துக்கேற்ப ஒரு செயலியின் தமிழ்ச் சொற்களைத் திருத்திக்கொள்ளக் கட்டற்ற மென்பொருளில் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வணிக மென்பொருளில் அவ்வுரிமை விலைக்கும் கிடைப்பது அரிது. ஆயினும் உரிமை இருப்பது வேறு. அதைப் பயன்படுத்தப் பயிற்சியும் நேரமும் உள்ள ஓர் ஆசிரியர் இருப்பது வேறு.

எனவே வெளியிடப்பட வேண்டியது, செலவழிக்காத 3,000 கோடியைப் பற்றிய மதிப்பீடு அன்று. பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் மொழியாக்கத்துக்கும் ஆண்டுதோறும் உண்மையில் செலவான தொகை எவ்வளவு, அதில் தமிழ்வழிப் பள்ளிகளுக்குச் சென்றது எவ்வளவு என்னும் விவரமே தேவை. அதனுடன், பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர் அச்சகத்திலும் கணக்கு அலுவலகத்திலும் காத்திருக்கும் விண்டோஸைக் கற்கத் தம் கைப்பணத்தில் கட்டும் பயிற்சிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.