ஒரு ராத்திரித் தூக்கத்தின் விலை

களமசேரியிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலையில் அரைமணி நேரம். ஆலுவாவில் நெரிசல் இருந்தால் முக்கால் மணி. மட்டாஞ்சேரிக்காரர் முதலில் பாலங்களைத் தாண்டி எர்ணாகுளத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதால், களமசேரிக்காரர் கொடுத்துவைத்தவர். ஆனால் மகளையோ மகனையோ இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கப் போய்வருகிற பெற்றோருக்கு இரண்டு ஊரிலும் ஒரே கவலைதான். விமானத்தில் ஏறிய பிறகு அந்த ராத்திரி எப்படிக் கழியும்?

திரைக்கு அந்தப் பக்கம், விமானத்தின் மூக்கை ஒட்டிய பகுதியில், இந்தக் கவலைக்கு ஒரு மருந்து விற்கிறார்கள். பெயர் பிசினஸ் கிளாஸ். சாதாரண டிக்கெட்டைப்போல மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை விலை. கண்ணாடிக் குவளையில் ஷாம்பெயின், சூடான கைக்குட்டை, தோல்பையில் பற்பசை எல்லாம் மேல்பூச்சு. சரக்கு ஒன்றே ஒன்றுதான்: காலை நீட்டிப் படுத்துத் தூங்குவது. ஆகவே நீண்ட தூர இரவு விமானத்தின் பிசினஸ் கிளாஸை எடைபோட நட்சத்திரக் குறிகள் தேவையில்லை. எத்தனை மணி நேரம் விடாமல் தூங்க முடிந்தது என்று கேட்டால் போதும்.

இந்தத் தராசில் வைத்தால், கொச்சிக்கு இதுவரை வாய்த்த சிறந்த இரவு விமானம் பளபளப்பான வளைகுடா விமானம் எதுவுமில்லை. ஏர் இந்தியாவின் லண்டன்-கொச்சி நேரடி விமானம்தான். 2020இல் கொரோனா காலத்தின் வந்தே பாரத் திட்டத்தில் முதலில் பறந்து, 2021 ஆகஸ்டில் ஹீத்ரோவுக்கு முறையான சேவையாகி, 2023 மார்ச்சில் காட்விக்குக்கு மாற்றப்பட்டது அது. பிறகு வாரம் மூன்று முறை. லண்டனில் இரவு ஏறினால், ஏறக்குறைய பத்து மணி நேரம் கழித்து, முற்பகல் வெயிலில் நெடும்பாசேரி. நடுவில் யாரும் எழுப்பி இறக்கிவிட மாட்டார்கள். 2025 மார்ச் இறுதியில் அந்தச் சேவை நின்றது.

சிறந்தது என்பதால் அழகானது என்று நினைத்துவிடக் கூடாது. போயிங் 787-8 ரகம். மொத்தம் 256 இருக்கைகள். அதில் முன்னால் 18, பின்னால் 238. ஏர் இந்தியா இந்த ரகத்தை வாங்கத் தொடங்கியது 2012இல். பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த இருக்கைகள் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தன. மகாராஜாவின் மீசை நரைத்திருந்தது என்று சொல்லலாம். இது வாடிக்கையாளர் முணுமுணுப்பு மட்டுமல்ல. 2022 ஜனவரியில் நிறுவனத்தைத் திரும்பப் பெற்ற டாடா குழுமம், அந்த டிசம்பரிலேயே 40 பெரிய விமானங்களின் உட்புறத்தை மாற்ற 40 கோடி டாலருக்கு மேல் செலவிடுவதாக அறிவித்தது. அதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டாம். ஆனால் இருக்கை செய்பவர்களிடம் வரிசையில் நின்று நின்று, முதல் 787 அமெரிக்காவுக்குப் போய்ப் புதுப்பிக்கும் வேலை தொடங்கவே 2025 ஜூலை ஆகிவிட்டது. கொச்சி வழித்தடத்துக்கு அதனால் பயனில்லை.

அந்த 18 இருக்கைகள் இரண்டு-இரண்டு-இரண்டாக மூன்று வரிசை. தட்டையாக, முழுசாக விரியும் படுக்கைதான். சிக்கல் ஜன்னலோரத்தில். நடுராத்திரி கழிவறைக்குப் போக வேண்டுமென்றால், பக்கத்தில் நீட்டிப் படுத்திருக்கும் அந்நியரின் காலைத் தாண்ட வேண்டும். புடவை கட்டிய அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு இது நடக்கிற காரியமா? தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பார். நடு ஜோடியில் இரண்டு இருக்கைக்குமே நடைபாதை உண்டு. ஜன்னல் வேண்டும் என்று பிள்ளைகள் ஆசையோடு பதிவு செய்து கொடுப்பார்கள். அம்மாவுக்கு நல்லது நடு இருக்கைதான். பிசினஸ் கிளாஸில் மட்டும் செல்லுபடியாகும் தலைகீழ் நியாயம் இது.

படுக்கை என்பதே பிசினஸ் கிளாஸுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எழுபதுகளின் இறுதியில் பான் ஆம், குவாண்டாஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வகுப்பைத் தொடங்கியபோது, முழுக் கட்டணம் கொடுத்த கம்பெனி அதிகாரிகளைச் சலுகை டிக்கெட்காரர்களிடமிருந்து பிரித்து உட்காரவைப்பதுதான் நோக்கம். சற்று அகலமான நாற்காலி, இலவச மது, அவ்வளவே. 2000ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் ஏர்வேஸ், பிசினஸ் கிளாஸில் முதன்முறையாக முழுத் தட்டைப் படுக்கையைப் போட்டது. போட்டி நிறுவனங்கள் பல அவசரமாகச் சாய்வுப் படுக்கை போட்டன. தூக்கம் வரவர, கால் பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போவார் பயணி. இன்று சாய்வுப் படுக்கையை விளம்பரப்படுத்த யாருக்கும் துணிச்சல் இல்லை. 2017இல் கத்தார் ஏர்வேஸ் படுக்கைக்குக் கதவே வைத்துவிட்டது.

கதவு இருக்கட்டும். தூக்கத்துக்குக் கதவைவிட முக்கியம் காற்று. சாதாரண விமானம் மேலே பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக்கூடப் போகும். அதாவது ஊட்டியையும் தாண்டி. 787இல் அது 6,000 அடி, மூணாறைவிடக் கொஞ்சம் மேலே. ஈரப்பதமும் சற்று அதிகம். காலையில் தொண்டை வறண்டு, தலை கனத்து எழுந்திருப்பது குறையும். இந்தச் சுகம் பின்னால் இருந்த 238 பேருக்கும் சமமாகவே கிடைத்தது. காற்றில் திரை போட இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. விமானத்தில் உணவு சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரர் மட்டும் காரணமல்ல. ஜெர்மனியின் லுஃப்தான்சா கேட்டுக்கொண்டதன் பேரில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்த்தது. அழுத்தம் குறைந்த, வறண்ட காற்றில் மூக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. உப்பும் இனிப்பும் மங்குகின்றன. தக்காளிச் சாறு மட்டும் தரையில் இருப்பதைவிட மேலே ருசிக்கிறதாம். இதைப் படித்தால் ரசம் குடித்து வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். தேங்காய்ப்பால் விட்ட மென்மையான மீன் மோளி ஆகாயத்தில் தோற்றுப்போகும் இடத்தில், புளியும் மிளகும் போட்ட எதுவும் தாக்குப்பிடிக்கும். ஆனால் இரவு விமானத்தில் புத்திசாலித்தனம் எதையும் சாப்பிடாமல் இருப்பதுதான். நான்கு தவணையாக வரும் விருந்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தால், பத்து மணி நேர இரவில் மிஞ்சுவது எட்டுக்கும் குறைவுதான். இறங்குவதற்கு முன் காலை உணவுக்காக விளக்கைப் போடுவார்கள் வேறு. விமான நிலைய ஓய்வறையிலேயே இரண்டு கரண்டி சோறு தின்றுவிட்டு, விமானம் மேலெழுந்து பெல்ட் விளக்கு அணைந்ததும் படுக்கையை விரித்துவிட வேண்டும். கொடுத்த காசு தூக்கத்துக்கு. விருந்துக்கு என்றால் எர்ணாகுளத்தில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு ஊரையே கூட்டிப் போடலாம்.

நேரடி விமானம் இல்லாதபோது இந்தக் கணக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். கொச்சியிலிருந்து வளைகுடா வழியாக ஐரோப்பா போகும் பயணிகளில் பலர் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகிறார்கள். தோஹாவோ துபாயோ நான்கு, நாலரை மணி நேரம். மேலேறக் கொஞ்சம், பரிமாறக் கொஞ்சம், கீழிறங்கக் கொஞ்சம் கழித்தால், கண்ணயர இரண்டு மணி நேரம். பிறகு எழுப்பி, கண்ணாடியும் வாசனைத் திரவியமுமாக மின்னும் கடைவீதியில் நடக்கவிடுவார்கள். அடுத்த ஏழு மணி நேரப் பறத்தல் பட்டப்பகலில். கதவு வைத்த படுக்கை அங்கேதான் கிடைக்கும், அதுவும் எல்லா விமானத்திலும் இல்லை. எமிரேட்ஸின் பழைய 777களில் பிசினஸ் கிளாஸிலேயே நடுவில் மூன்று பேர். ஆக, இரண்டு படுக்கைக்குக் காசு கொடுத்து ஒரு முழுத் தூக்கம்கூட வாங்க முடியாது.

நேரடி விமானத்தின் அருமை முன்னால் படுத்தவர்களைவிடப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. தேசிய சுகாதாரச் சேவை மருத்துவமனைகளில் வேலைபார்க்கும் நர்ஸுகள், முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்குப் போனவர்கள், மகளின் பிரசவத்துக்கு ஆறு மாத விசாவில் போகும் அம்மச்சிகள். தனியாகப் போகும் அம்மச்சிக்குப் பயம் பத்து மணி நேர உட்காருதல் அல்ல. முழங்கால் வலியோடு, புரியாத அறிவிப்புகளுக்கு நடுவே, பெயர் தெரியாத ஊரில் இரவு இரண்டு மணிக்கு அடுத்த வாசலைத் தேடுவதுதான். ஆங்கிலம் தெரியாதவர்களுக்காகப் பிள்ளைகள் வாங்கும் சக்கர நாற்காலி உதவிகூட நடக்க முடியாமைக்காக அல்ல, வழி தெரியாமைக்காக. ஏறினால் லண்டன், இறங்கினால் கொச்சி என்ற ஏற்பாட்டில் இந்தப் பயமே இல்லை. எந்தக் கதவு வைத்த படுக்கையும் கொடுக்க முடியாத வசதி இது. சாதாரண டிக்கெட்டிலேயே கிடைத்தது.

உடம்புக்கும் ஒரு சேதி உண்டு. காலில் ரத்தம் உறையும் ஆபத்தை ‘எகானமி கிளாஸ் நோய்’ என்று பத்திரிகைகள் பெயரிட்டுவிட்டன. முன்னால் இருப்பவர்களுக்கு அது வராது என்பதுபோல. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்கும் எந்தப் பயணத்திலும் ஆபத்து இரட்டிப்பாகிறது என்றது. பஸ்ஸும் ரயிலும்கூட அதில் சேர்த்தி. நல்ல நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய 6,000 பேருக்கு ஒருவர். அயர்ந்து தூங்கும் பிசினஸ் கிளாஸ் பயணியும் இரண்டொரு முறை எழுந்து நடந்துவிட்டுப் படுப்பது நல்லது. ஜன்னலோரம் சிறைப்பட்டவரால் அது முடியாது என்பது மேலே சொன்ன விஷயம்.

சேவை ஏன் நின்றது? லாபம் போதவில்லை என்பதுதான் பேச்சு. ஒரு பிசினஸ் படுக்கை பிடிக்கும் தரையில் மூன்று சாதாரண இருக்கைகள் போட்டுவிடலாம். அந்த மூன்றின் வருமானத்தைவிடக் கூடுதலாக அந்தப் படுக்கை சம்பாதிக்க வேண்டும். தில்லியிலும் மும்பையிலும் கம்பெனிகள் அந்தப் பணத்தைக் கட்டுகின்றன. கொச்சியில் கட்டுவது மகளின் சம்பளம். முகச்சாயம் போன இருக்கைக்கு அந்த விலை கொடுக்க மகள் இரண்டு தடவை யோசிப்பாள். கதவு வைத்த இருக்கைக்குப் பக்கத்து நிறுவனம் அழைக்கிறது. இருக்கையைப் புதுப்பிக்காமல் வைத்திருந்துவிட்டு முன்பகுதி சம்பாதிக்கவில்லை என்று சொன்னால், அது பயணிகளின் குற்றமாகுமா?

இத்தனைக்கும் நெடும்பாசேரி விமான நிலையத்தைக் கட்டியதில் வெளிநாட்டு மலையாளிகளின் பணமும் இருக்கிறது. வில்லிங்டன் தீவில் இருந்த கடற்படை ஓடுபாதையில் பெரிய ஜெட்கள் இறங்க முடியாது என்பதால், ஐ.ஏ.எஸ். அதிகாரி வி.ஜே. குரியனின் முயற்சியில் அரசும் தனியாரும் பங்குபோட்டு அமைத்தது. ஆயிரக்கணக்கான மலையாளிகள் அயல்நாடுகளிலிருந்து பங்கு வாங்கினார்கள். 1999 மே 25 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்துவைத்தார். சொந்த விமான நிலையம் கிடைத்தது. லண்டனுக்குச் சொந்த விமானம்தான் கையில் நிற்கவில்லை.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 787-8 சில நொடிகளில் விழுந்தது. அதுவும் காட்விக் போக வேண்டியது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். கேரளத்தில் அதன் பிறகு கொஞ்ச காலம் படுக்கையின் அகலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

வளைகுடா வழியாகத்தான் போக வேண்டும் என்பவர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. போகும்போது பகலில் பறக்கும் தூரத்துக்குப் படுக்கை வாங்குவது வீண். சாதாரண இருக்கையே போதும். திரும்பும்போது லண்டனில் இரவு கிளம்பி வளைகுடா வரும் ஆறேழு மணி நேரத்துக்கு மட்டும் பிசினஸ் கேட்டால் பல நிறுவனங்கள் கலப்பு டிக்கெட் தருகின்றன. போகும் இரவின் தூக்கத்தைத் தரையிலேயே முடித்துக்கொள்ளலாம். 2024 செப்டம்பரில் நெடும்பாசேரியில் திறந்த ஓய்வு மையத்தில் 37 அறைகள். எர்ணாகுளத்தின் தொலைபேசிக் குறியீடான 0484தான் அதன் பெயர். பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே இருப்பதால் வழியனுப்ப வந்தவர்களும் தங்கலாம். மணிக்கணக்கில் வாடகை. படுக்கை தட்டையானது, பெல்ட் போட வேண்டியதில்லை, நடுராத்திரி எழுந்தால் தாண்ட வேண்டிய கால் யாருடையதும் இல்லை. களமசேரிக்காரர் இதற்கும் செலவழிக்க வேண்டாம். வீட்டில் ஒன்பது மணிக்குப் படுத்து, ஒரு மணிக்கு எழுந்தால் போதும்.