மூன்று வசனம் தள்ளி

"கதவைச் சாத்திக்கிட்டு தனியா ஜெபம் பண்ணுன்னு இயேசுவே சொல்லிட்டாரே" என்று கோயிலுக்குப் போகாத நண்பர்கள் மத்தேயு 6:6-ஐ நீட்டுவார்கள். மூன்று வசனம் தள்ளிப் படிங்கப்பா. அங்கே அவர் கற்றுத்தரும் ஜெபத்தில் 'நான்' கிடையாது, எல்லாம் 'எங்கள்'. பூட்டிய அறைக்குள்ளும் அப்பத்தை மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டாக வேண்டும்.

அந்த 'எங்கள்' சும்மா வந்துவிடாது. நெல்லைப் பக்கம் வடக்கன்குளம் தேவாலயத்தில் வெள்ளாளரையும் நாடார் உள்ளிட்ட மற்ற சாதியினரையும் ஒரு சுவர் பிரித்தது. ஒரே பீடம், ஒரே ஜெபம். 1910-ல் சுவரை இடித்ததும் வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டு, உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பக்கத்தில் யார் முழங்காலில் நிற்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயமென்று சுவரைக் கேட்டவர்களுக்கே தெரிந்திருந்தது.

ஜெபச் செயலியில் இந்தப் பிரச்சினையே இல்லை. செயலி எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன், எனக்குச் சந்தேகமே அங்கேதான்.