"இதர"ன்னா என்னடா?



முதல் வருடம் ஃபீஸ் கட்டிய ரசீதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதர கட்டணமா? இதரன்னா என்னடா?" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். பதில் தெரியவில்லை.

அம்மாவின் மகளிர் குழுவில் வாராவாரம் கணக்கை வாய்விட்டுப் படிக்கிறார்கள். கைநாட்டு வைப்பவரும் கேள்வி கேட்கலாம். டிப்ளமா படிக்கும் நாம்தான் கேட்கத் தயங்குகிறோம்.

கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே உத்திரமேரூரில் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்று ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, ஆட்சிமன்றக் குழு உறுப்பினர்கள், கூட்டம் நடந்த தேதி, கட்டண விவரம் ஆகியவற்றைக் கல்லூரி வெளியிட வேண்டும். அரசுக் கல்லூரியானால், 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் லேத் வேலை முடிந்ததும் வெர்னியர் வைத்து அளக்கிறார்களே, அது ஆபரேட்டர் மேல் சந்தேகமா? கணக்கும் அப்படித்தான்.

வரவு செலவையும் குழுவின் முடிவுகளையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். குழுவில் மாணவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.