புட்டிக்குள் நத்தை

பண்டம் கெட்டிருந்தால், வாங்கியவர் ஒப்பந்தத்தைக் காட்டிக் கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாம். வாங்கியவர் ஒருவர், சாப்பிட்டவர் வேறொருவர் என்றால்?

1928 ஆகஸ்டு 26-ந் தேதி, ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில், ஸ்ரீமதி டானஹூவுக்குச் சிநேகிதர் ஒருவர் இஞ்சி பீர் வாங்கிக் கொடுத்தார். (பெயர்தான் பீர், நேயர்கள் அஞ்ச வேண்டாம்!) கொஞ்சம் குடித்தாயிற்று. மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்ததாம். புட்டியோ உள்ளே இருப்பது தெரியாத கருநிறம். அம்மாள் நோயில் விழுந்தாள்.

காசு கொடுத்தவர் சிநேகிதர். ஆகவே அம்மாளுக்கு ஒருவருடனும் ஒப்பந்தமில்லை. பானம் தயாரித்த ஸ்டீவன்ஸன் மீதே வழக்குத் தொடுத்தாள். 1932-இல் லண்டன் பிரபுக்கள் சபையில், ஐவரில் மூவர் வழக்குச் செல்லும் என்றனர். நம் அஜாக்கிரதையால் யாருக்குத் தீங்கு நேருமென்று முன்பே ஊகிக்கக் கூடுமோ, அவர் நம் அயலார் என்றார் அட்கின் பிரபு. ஒப்பந்தக் கடமை நாமே ஏற்பது. இதுவோ கையெழுத்தில்லாமலே சட்டம் நம் தலையில் வைப்பது. இதை மீறி விளைக்கும் தீங்கையே வக்கீல்கள் 'டார்ட்' என்கிறார்கள்.

வழக்கு ராஜியில் முடிந்ததால், நத்தை மட்டும் கடைசிவரை ருஜுவாகவில்லை!

நம் தேசத்தில் 1986-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டமும், வாங்கியவர் சம்மதத்துடன் உபயோகிப்பவரையும் நுகர்வோராகவே ஏற்றன. மாமா வாங்கி வந்த மிட்டாயைத் தின்ற குழந்தைக்கும் வழக்குண்டு.